வளவுக்குள் நின்ற காடு

காற்றில்லாத இரவிலும் தென்னோலை விழும். முதலில் ஒரு சரசரப்பு, பிறகு தொப்பென்று ஒரு சத்தம். கேஸ் அடுப்பு வருவதற்கு முந்திய பாலமுனையில் அந்தச் சத்தத்துக்கு இரண்டு வீட்டில் ஆள் விழித்துக்கொள்ளும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மரம் நிற்கும் வளவுக்காரி ஒருத்தி. ஓலை போய் விழுந்த வளவுக்காரி இன்னொருத்தி. மரம் என்னுடையது என்பாள் முதலாமவள், மண் என்னுடையது என்பாள் மற்றவள். ஓர் ஓலைக்கு இவ்வளவு பேச்சா என்று இன்று கேட்பவர்களுக்கு, அந்த ஓலையும் மட்டையும் சேர்ந்தால் ஒரு வேளைத் தேநீரும் பாதிச் சோறும் ஆகிவிடும் என்பது மறந்துபோயிருக்கும்.

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றை நோக்கிப் போகும் கரையோர வீதியில் காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் கடந்தால் பாலமுனை. அதைத் தாண்டினால் அட்டாளைச்சேனை. காத்தான்குடிக்குப் பக்கத்திலும் ஒரு பாலமுனை உண்டு, இது அம்பாறை மாவட்டத்துப் பாலமுனை. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல், நடுவே மணலில் தென்னையும் வீடுமாக நெருக்கியடித்த முஸ்லிம் ஊர்களின் வரிசை. காடு ஊரை ஒட்டி இல்லை. ஆனாலும் நேற்றுவரை எல்லா வீட்டு அடுப்பும் விறகில்தான் எரிந்தது.

விறகு என்ற சொல்கூட இங்கே எழுத்துக்குத்தான். பேச்சில் அது கொள்ளி. தமிழகத்தில் கொள்ளி என்றதும் சுடலையும் மூத்த பிள்ளையின் கடைசிக் கடமையும் நினைவுக்கு வரும். கொள்ளிக்கண் என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். கிழக்கிலங்கையில் கொள்ளி பொறுக்கலாம், கொள்ளி கொத்தலாம், கொள்ளி முடிந்துபோனதென்று புருசனோடு சண்டையும் பிடிக்கலாம்.

ஓலைச் சண்டையின் நியாயம் கணக்குப் போட்டால் விளங்கும். நன்றாக நிற்கும் ஒரு தென்னை ஆண்டுக்கு 12 முதல் 14 ஓலை விரிக்கும். அதே அளவு ஓலையைக் கழற்றவும் செய்யும். பத்து மரம் நிற்கும் வளவில் ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஓர் ஓலை கீழே வரும். அதோடு பாளை, பன்னாடை. நாளுக்கு இரண்டு தேங்காய் துருவும் வீட்டில் ஆண்டுக்கு 700 தேங்காய்க்கு மேல் பொச்சும் (தேங்காய் உரிமட்டைக்கு இங்கே அதுதான் பெயர்) சிரட்டையும் சேரும். வேலியில் நிற்கும் கிளுவை, பூவரசு, முருங்கையை வெட்டிவிடும்போது கிடைக்கும் தடி இதில் சேரவில்லை. பெரிய வளவுக்காரி காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கத் தேவையில்லை. அவளுடைய காடு வளவுக்குள்ளேயே நின்றது.

அந்தக் காட்டின் கொள்ளி எல்லாம் ஒரே கொள்ளியும் அல்ல. பன்னாடை நெருப்பு மூட்டுவதற்கு. ஓலை படபடவென்று எரிந்து அணையும். ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க அது போதும். சோற்றுக்கு மட்டை வேண்டும். பாளை நின்று எரியும். பொச்சு சுடர் தராது, ஆனால் உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடக்கும். ஆணம் வற்றவும், பால் பொங்கி வழியாமல் காயவும், மாலையில் நுளம்புக்குப் புகை போடவும் அதுதான் தோது. சிரட்டையைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். அதன் சூடு கூர்மையானது. அதன் தணல் அயன் பெட்டிக்குள் போய் வெள்ளிக்கிழமைச் சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்க்கும். யாழ்ப்பாணத்தில் இதே இடத்தைப் பனை பிடித்திருந்தது: காவோலை, மட்டை, கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சும் ஊமல். இந்தியக் கிராமங்களைப் போலச் சாணியை வறட்டி தட்டி எரிக்கும் வழக்கம் இந்தக் கரையில் வேர்விடவில்லை. தேவைப்படவும் இல்லை.

தென்னை போதாத வீடுகளும் எப்போதும் இருந்தன. மீன்பிடிக் குடும்பங்கள், கூலிக்குப் போகிறவர்கள், பிறர் வளவில் குடியிருந்தவர்கள். கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் கிடாரம் வைக்கும்போது பெரிய வளவுக்கும் ஓலையும் மட்டையும் பற்றாது. அப்போதுதான் மேற்கே பார்க்க வேண்டியிருந்தது.

மேற்கே காடு இருந்ததற்கு ஊர்ப்பெயர்களே சாட்சி. சேனை என்பது காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலம். அட்டாளை என்பது பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்க அதில் கட்டும் பரண். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அட்டாளைச்சேனை இன்று கடையும் வங்கியும் கல்விக் கல்லூரியுமாக நிற்கிறது. சாய்ந்தமருதுக்குப் பக்கத்தில் மாளிகைக்காடு இருக்கிறது. அங்கே மாளிகை உண்டா என்பது வேறு விடயம், காடு நிச்சயமாக இல்லை.

காட்டுக்குப் போவது ஆண்களின் வேலை. இமயமலைக் கிராமங்களிலும் ஆபிரிக்காவிலும் தலைச்சுமையாக விறகு தூக்கி வரும் பெண்களின் படம் உலகத்துக்குப் பழகிப்போனது. 1973இல் உத்தராகண்ட மலைகளில் மரங்களைக் காக்கத் தொடங்கிய சிப்கோ இயக்கம் பேர் பெற்றதும் அந்தப் பெண்களால்தான். இந்தக் கரையில் படம் வேறு. முஸ்லிம் பெண்கள் தூரம் போகமாட்டார்கள். வயது போனவர்களும் ஏழைகளும் வரம்போரத்திலும் கடற்கரையிலும் சுள்ளி பொறுக்குவதோடு சரி. மாட்டு வண்டில் கட்டிக்கொண்டு விடியுமுன் புறப்பட்டு, வீரையும் பாலையும் விடத்தலுமாக ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகு திரும்பியவர்கள் ஆண்கள். வயல் வட்டைக்குப் போன விவசாயியும் வெறுங்கையோடு வருவதில்லை, சைக்கிள் கரியரில் ஒரு கட்டு இருக்கும். ஆகவே கொள்ளி குறைவது முதலில் தெரிவது பெண்ணுக்கு, அதைத் தேடிப் போக வேண்டியது ஆணுக்கு. வீட்டுச் சண்டையின் பாதி இந்த இடைவெளியில் பிறந்தது என்றால் மிகையில்லை.

உப்பாற்றோரத்திலும் களப்போரத்திலும் வளரும் தில்லை மரத்தைத் தொடமாட்டார்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், புகையும் எரிச்சல். அக்கரைப்பற்றுப் பக்கம் ஓர் ஆறே தில்லையாறு என்று பெயர் வைத்துக்கொண்டு ஓடுகிறது. எவ்வளவு கொள்ளிப் பஞ்சம் வந்தாலும் தில்லைக்குக் கோடரி போடாமல் வைத்தது அந்தப் பால்தான்.

காட்டுக்குச் சட்டம் வந்த கதை இன்னும் பழையது. இந்தியக் காட்டிலாகாவைச் சேர்ந்த வின்சென்ட் என்ற அதிகாரி இலங்கைக் காடுகளைச் சுற்றிப் பார்த்து 1882இல் ஓர் அறிக்கை எழுதினார். 1885இல் முதலாவது வனச் சட்டம் வந்தது. 1907இல் அதைத் திருத்தி எழுதிய சட்டம்தான், பல திருத்தங்களோடு, இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. அதில் கிராமத்துக் காடு என்று ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் ஒதுக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி எடுத்தால் மரமும் குற்றம், தேனும் குற்றம், கொள்ளியும் குற்றம். வண்டில்காரருக்குச் சட்டத்தின் பக்க எண் தெரியாது. எந்தத் திருப்பத்தில் காட்டுக் கந்தோர்க்காரர் நிற்பார் என்பது தெரியும்.

1949இல் டி. எஸ். சேனாநாயக்கவின் அரசு கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தது. இங்கினியாகலவில் கல்லோயா ஆறு மறிக்கப்பட்டு, நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் உருவானது. காடு புல்டோசரால் வழிக்கப்பட்டு, குடியேற்றங்களும் வயல்களும் வந்தன. அதுவரை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாதியாக இருந்த இந்தப் பகுதி 1961இல் அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது. கரையோர விவசாயிக்குக் கல்லோயா தண்ணீர் தந்தது. இரண்டு போகமும் விளைந்தது. அதே தண்ணீர்தான் காட்டை மேற்கே தள்ளிக்கொண்டு போனது. முன்பு ஒரு பகல் பயணமாக இருந்த கொள்ளி வண்டில், வயலையும் வாய்க்காலையும் குடியேற்றக் கிராமங்களையும் கடந்து இரண்டு நாள் பயணமாகியது. 1954இல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடு கல்லோயா தேசிய பூங்கா ஆனது. யானைக்குக் காடு கிடைத்தது. கொள்ளிக்காரருக்கு அது பூட்டப்பட்ட கதவு.

ஆனால் இந்தக் கரையின் அடுப்பை உலுக்கிய நிகழ்ச்சி கல்லோயா அல்ல. அது ஓர் இரவில் வந்தது.

1978 நவம்பர் 23. அன்றைய சூறாவளியை நேரில் கண்ட வயதானவர்கள் இன்றும் அந்த ஆண்டைச் சூறாவளி ஆண்டு என்பார்கள். மட்டக்களப்பை மையமாகத் தாக்கிய காற்று தெற்கே கல்முனைக் கரையையும் சுருட்டிப்போட்டது. 900க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ இரண்டரை லட்சம் கட்டடங்கள் சேதமாயின. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் இருந்த 28,000 ஏக்கர் தென்னையில் ஏறத்தாழ 90 சதவீதம் சாய்ந்தது.

கொள்ளிக் கண்ணோடு பார்த்தால் அது விசித்திரமான பேரழிவு. காலையில் எழுந்து பார்த்தால் முற்றம் முழுதும் விறகு. ஆண்டுக்கணக்கில் விழ வேண்டிய ஓலை ஒரே இரவில் விழுந்து கிடக்கிறது. மரமே விழுந்து கிடக்கிறது. ஆனால் அடுப்பு எரியவில்லை. வடகீழ்ப் பருவமழையின் நடுவில் எல்லாம் ஊறிக் கிடந்தது. தென்னங்குற்றி கொள்ளிக்கு மோசமான மரம்: வெளித்தோல் இரும்பு, உள்ளே பஞ்சு, பஞ்சு முழுதும் தண்ணீர். கோடரி துள்ளும், நெருப்பு புகையும். காய்வதற்குள் பாதிக் குற்றி உள்ளே உளுத்துப்போகும்.

பிறகு கையிருப்புக் கரைந்தது. பாளையும் பொச்சும் தர மரம் இல்லை. புதிதாக நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு ஆண்டு வேண்டும். கழற்றுவதற்கு உயரமான ஓலையும் அதுவரை இல்லை. பத்து மரத்து வளவுக்காரியும் கூலிக்காரன் மனைவியும் அந்த ஆண்டுகளில் ஒரே நிலைக்கு வந்தார்கள். பணம் கொடுத்துக் கொள்ளி வாங்கும் பழக்கம் வசதியான வீடுகளுக்கும் அப்போதுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். உமி அடுப்பின் மரியாதையும் கூடியிருக்கும்.

உமி அடுப்பைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பழைய எண்ணெய் டின் ஒன்று. அடிப்பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. நடுவில் ஒரு வெறும் போத்தலை நிறுத்தி, துளை வழியே ஒரு தடியைச் செருகிப் போத்தலின் அடியைத் தொட வைப்பார்கள். பிறகு சுற்றிலும் உமியைக் கொட்டிக் கொட்டி, உலக்கைக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் சரிந்துவிடும். போத்தலைத் திருகித் திருகி மேலே உருவி எடுத்து, தடியையும் இழுத்துவிட்டால் நடுவில் புகைக்குழாய் போல ஒரு பொந்து. அடியில் ஒரு சிறு துணியில் மண்ணெண்ணெய் தோய்த்து மூட்டினால், பொந்தின் சுவர் உள்ளிருந்து வெளியே மெல்ல எரிந்துகொண்டு போகும். ஊதத் தேவையில்லை, தள்ளத் தேவையில்லை. ஒரு டின் உமியில் ஒரு வீட்டுப் பகற்சமையல் முடிந்துவிடும். மரஆலைப் பக்கம் வீடு இருந்தால் உமிக்குப் பதில் மரத்தூள்.

நெல் விளையும் நாட்டில் உமிக்கு என்ன பஞ்சம்? ஒரு காலத்தில் இல்லைத்தான். சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆலைக்குப் பின்னால் உமி மலையாகக் குவிந்து கிடந்தது, அள்ளிப் போகிறவரை யாரும் தடுத்ததில்லை. நெல் அவிக்கும் பெரிய ஆலைகள் கொதிகலனுக்கே உமியை எரிக்கத் தொடங்கியதும், செங்கல் சூளைக்காரரும் லொறியோடு வந்து நின்றதும், உமிக்கும் விலை வந்தது. வைக்கோலுக்கும் ஒரு காலத்தில் போட்டி இருந்தது. 1950களில் வாழைச்சேனையில் தொடங்கிய காகித ஆலை வைக்கோலைத்தான் மூலப்பொருளாக நம்பியது. சிரட்டையின் கதை இன்னும் தூரம் போகிறது. தென்னஞ் சிரட்டைக் கரி வாயுவை உறிஞ்சும் என்பதால் முதலாம் உலகப் போரின் முகமூடிகளுக்குள் போனது. 1973இல் இலங்கையில் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் அதைச் செயலூட்டிய கரியாக்கித் தண்ணீர் வடிகட்டிக்கும் தங்கம் பிரிக்கவும் உலகெங்கும் அனுப்புகிறது. சாக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று வியாபாரி வாசலுக்கு வந்து கேட்டால், சிரட்டையை அடுப்பில் போட எந்த மனைவிக்கு மனம் வரும்? ஏழைகளின் அடுப்பிலிருந்து கொள்ளி போனது காடு விலகியபோது மட்டுமல்ல. ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு வாங்குபவர் கிடைத்தபோதும் போனது.

எல்லாவற்றையும்விட மெதுவாகவும் உறுதியாகவும் கொள்ளியைக் குறைத்தது இந்த ஊர்களின் கல்யாண வழக்கம். கிழக்கு முஸ்லிம்களிடம் குடி என்னும் வம்சம் தாய்வழியாக வருகிறது. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். பெண்ணுக்குச் சீதனம் என்றால் முதலில் வீடு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூலில் இந்த முறை விரிவாக இருக்கிறது. மூத்த மகளுக்குத் தாயின் வீடு போகும். பெற்றோரும் மற்றப் பிள்ளைகளும் அதே வளவில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்குக் கல்யாணமானால் அந்த வீடும் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும் இந்த ஊர்களிலெல்லாம் மகளுக்காகத் தகப்பன் செங்கல் சேர்ப்பது சாதாரணக் காட்சி.

இனி மேலே போட்ட கணக்கைத் திரும்பப் போடலாம். பத்துத் தென்னை நின்ற வளவு, நான்கு மகள்மார். நான்கு வீட்டு அத்திவாரத்துக்கும் நான்கு கிணற்றுக்கும் பாதைக்குமாக ஆறு மரம் தறிபடும். மிஞ்சிய நான்கையும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு மரம். ஒரு மரத்தில் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஓர் ஓலை. தாய்க்கு மூன்று நாளில் கிடைத்த கொள்ளிக்கு மகள் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். கிளுவை வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்தது, மதில் தடி தராது. காட்டை அழித்தது யார் என்று கேட்டால் எல்லாரும் மேற்கே கை காட்டுவார்கள். வளவுக்குள் நின்ற காட்டை அழித்தது மகள்மீது வைத்த பாசம்.

வடக்குக் கிழக்குப் போர் இந்தச் சிக்கலின்மேல் வந்து உட்கார்ந்தது. 1990 யூனில் சண்டை மீண்டும் மூண்டது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் மேற்கே போவது கொள்ளிக்கு மட்டுமல்ல, சொந்த வயலுக்கே ஆபத்தானது. காட்டிலிருந்து வருகிறவரைப் படையினர் ஒரு கேள்வி கேட்பார்கள், காட்டில் இருப்பவர்கள் வேறு கேள்வி கேட்பார்கள். இரண்டுக்கும் சரியான பதில் ஒரே ஆளிடம் இருக்க முடியாது. முஸ்லிம் ஊர்களுக்கும் பக்கத்துத் தமிழ் ஊர்களுக்கும் இடையே நூற்றாண்டுக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. அந்தப் பாதையில் வந்த கொள்ளிக் கட்டும் நின்றது. அதே 1990இல் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை அரசு தடைசெய்ததும் தற்செயல்தான். வெட்டப் போக ஆளில்லாத இடத்தில் தடை வந்து சேர்ந்தது.

ஆண்கள் போக முடியாதபோது பாரம் முழுதும் குசினிக்குள் இறங்கியது. பெண்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தாய்மார் செய்ததையே இன்னும் இறுக்கமாகச் செய்தார்கள். மாரி தொடங்குமுன் பரணை நிரப்பினார்கள். ஈரத் தடியை அடுப்புக்கு மேலே அடுக்கி, இன்றைய நெருப்பில் நாளைய கொள்ளியைக் காயவைத்தார்கள். பயறும் கடலையும் முதல் நாளே ஊறின. சோறு வடித்த சூட்டில் கறி, கறி இறக்கிய தணலில் கருவாடு, கடைசிச் சாம்பலுக்குள் வத்தாளைக் கிழங்கு. நெருப்பை அணைப்பதே இல்லை; தணலைச் சாம்பலால் மூடி, பொச்சுத் துண்டு ஒன்றைப் புதைத்துவிட்டால் விடியும்வரை உயிர் இருக்கும். தவறி அணைந்தால் நெருப்புப்பெட்டியைத் தேடுவதைவிட வேலிக்கு மேலால் குரல் கொடுப்பது சுலபம்: “ராத்தா, அடுப்பில தணல் கிடக்கா?” பொச்சுமட்டையில் தணல் ஏந்திக்கொண்டு ஒரு சிறுமி வேலிப் பொட்டால் திரும்பி வருவாள், வழியெல்லாம் ஊதிக்கொண்டு.

நோன்பு மாதத்தில் அடுப்புக்கு வேறு நேரசூசி. பகலில் அது ஓய்வெடுக்கும். ஸஹர் உணவுக்காகப் பின்னிரவில் எழும்பும். ஊர் தூங்கும் நேரத்தில் ஈரக் கொள்ளியோடு மல்லுக்கட்டுவது ஆண்டு முழுதும் சமைப்பதைவிடச் சிரமம் என்பதால், நோன்புக்கென்று காய்ந்த கொள்ளியைத் தனியாக ஒதுக்கிவைப்பது புத்தி. பள்ளிவாசலில் கிடாரத்தில் கொதிக்கும் நோன்புக் கஞ்சி ஒரு வகையில் விறகுச் சிக்கனமும்தான். நூறு வீடு தனித்தனியே கஞ்சி காய்ச்சும் கொள்ளியில் சிறு பங்குதான் ஒரு கிடாரத்துக்கு வேண்டும். சிக்கனத்துக்காக யாரும் அதைத் தொடங்கவில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான் விழுகிறது.

பாணும் இதே கணக்கில் வரும். 1980இல் திருகோணமலைச் சீனக்குடாவில் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியபோது கோதுமை மா ஏற்கெனவே ஊருக்குள் பழகியிருந்தது. காலையில் பாண் வாங்கிச் சம்பலோடு தின்றால் ஒரு வேளை அடுப்பு மிச்சம். கொள்ளிப் பிரச்சினையைக் குடும்பம் பாண் சுடும் போறணைக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறது. போறணைக்காரர் லொறியில் வாங்குவார், வீட்டுக்காரி கட்டில் வாங்குவாள். விலை பேசும் வலு இருவருக்கும் ஒன்றல்ல. மருதமுனை நெசவாளர் சாயம் காய்ச்சவும், பன்பாய் இழைக்கும் பெண்கள் பன்னுக்கு நிறம் ஏற்றவும் வேண்டிய கொதிநீருக்குக் கொள்ளி அதே சந்தையில்தான்.

வெளியுலகம் இதைப் பேசத் தொடங்கியது எண்ணெய் விலை ஏறிய பிறகு. 1973இல் பெற்றோல் நெருக்கடி வந்தது. 1975இல் அமெரிக்காவின் வேர்ல்ட்வாட்ச் நிறுவனம் தன் முதலாவது வெளியீடாக எரிக் எக்ஹோம் எழுதிய சிறுநூலை அச்சிட்டது. விறகுதான் ஏழைகளின் இன்னொரு எரிசக்தி நெருக்கடி என்றார் அவர். காடு அழிகிறது, ஏழைகள் விறகுக்காக அழிக்கிறார்கள் என்று உலகம் சுருக்கிப் புரிந்துகொண்டது. இலங்கையில் அந்தச் சுருக்கம் பொருந்தவில்லை. இங்கே வீட்டு விறகின் பெரும்பகுதி காட்டிலிருந்து வரவில்லை; வீட்டுத் தோட்டம், தென்னை, தெற்கே இறப்பர் என்று மனிதர் நட்ட மரத்திலிருந்து வந்தது. விறகுக்காகக் காடு வளர்க்கும் திட்டம் போட்டவர்கள் எந்தக் காட்டைப் பார்த்தார்களோ, பாலமுனைக்காரி பார்த்த காடு அது அல்ல.

அடுப்பையும் திருத்தப் பார்த்தார்கள். சர்வோதய இயக்கம் 1970களின் இறுதியில் களிமண் அடுப்பில் இறங்கியது. 1980களின் நடுப்பகுதியில் இலங்கை மின்சார சபையும் பிரித்தானியத் தொண்டு நிறுவனமொன்றும் சேர்ந்து இரண்டு சட்டி வைக்கும் ‘அனகி’ அடுப்பை உருவாக்கின. சிங்களத்தில் அனகி என்றால் விலைமதிப்பற்றது. முன்சட்டிக்குக் கீழே எரிந்த சூடு வீணாகாமல் பின்சட்டிக்குப் போகும். மூன்று கல் அடுப்பைவிட மூன்றிலொரு பங்கு விறகு மிச்சம் என்றார்கள். மிச்சம் உண்மைதான். குயவர் கிராமங்களில் தொழிலாகவே அது நிலைத்துவிட்டது. ஆனால் தென்னை எரிக்கும் கரையில் அதற்கு ஒரு சங்கடம். அனகியின் வாய் சிறியது. மூன்று கல்லுக்கு நடுவே ஓலை மட்டையை நீளமாகச் செருகிவிட்டு, எரிய எரியக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டே தேங்காய் துருவலாம். அனகிக்கு அதே மட்டையை ஒரு முழத் துண்டுகளாகக் கொத்திக் கொடுக்க வேண்டும். மிச்சமான விறகுக்குப் பதிலாகக் கோடரி வேலை. கொத்துவது யார் என்ற பழைய சண்டை புதிய அடுப்போடும் வந்தது.

கேஸ் வந்தது வளைகுடாக் காசோடு. சவூதியிலும் கட்டாரிலும் உழைத்த பணத்தில் கட்டிய வீடுகளில் குசினி உள்ளே வந்தது, தரைக்கு ஓடு பதித்தார்கள், புகை போகக் கூரையில் வழி விடவில்லை. புகை இல்லாத குசினி சும்மா பெருமை அல்ல. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெயின் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அப்படியிருந்தும் 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்றுக்கு மேல் விறகில்தான் சமைத்தன.

பிறகு 2021 ஒக்டோபர். விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாயிலிருந்து 2,600 ரூபாயைத் தாண்டியது. ஆண்டு இறுதியில் ஊர் ஊராக அடுப்பு வெடித்த செய்தி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஏப்ரலில் லிட்ரோ நிறுவனத்தின் அதே சிலிண்டர் 4,860 ரூபாய். அந்த விலைக்கும் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினார்கள். மண்ணெண்ணெய்க்கு மாறலாம் என்றால் ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் மீனவர்கள் கடலையும் விட்டு நின்றார்கள். கேஸோடு வளர்ந்த இளம் பெண்கள் அப்போதுதான் முதன்முறையாக ஊதுகுழலைப் பிடித்தார்கள். ஓடு பதித்த குசினியில் கொள்ளி எரிக்க முடியாது. பின்பக்கம் மதிலோரம் மூன்று கல், மேலே இரண்டு தகரம். உம்மம்மாமார் கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தடியை முதலில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

கொள்ளிக்கு மட்டும் எங்கே போவது? வளவில் ஒரு மரம். சில வீட்டில் அதுவும் இல்லை. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகம் கட்டியதற்குப் பிறகு அந்தக் கரையைக் கடல் அரித்துத் தென்னங்காணியை விழுங்கிக்கொண்டிருந்தது. மேற்கே காட்டோரத்தில் பள்ளக்காட்டுக் குப்பை மேடு. அங்கே குப்பையோடு பொலித்தீனையும் தின்று எட்டு ஆண்டில் 20 யானை வரை செத்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. யானை குப்பைக்கு வரும் இடத்தில் மனிதன் கொள்ளிக்குப் போகத் தயங்குவான். ஆகவே லொறியில் வந்ததை நிறுத்து வாங்கினார்கள். உடைத்த வீட்டின் கைமரமும் பழைய கதவுநிலையும் விலைபோயின.

2022 யூலைக்குப் பிறகு கேஸ் கப்பல்கள் மெல்ல வரத் தொடங்கின, வரிசை கரைந்தது. ஆனால் மதிலோரத்து அடுப்பை யாரும் இடிக்கவில்லை. அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் தமிழில் அது பட்டினி வீட்டின் அடையாளம். இந்த ஊர்களில் இப்போது உள்ளே கேஸில் சோறு வேகும்போது வெளி அடுப்பில் பூனை தூங்குகிறது. நோன்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதைத் துரத்திவிட்டு, வெடித்த இடத்தில் களிமண் பூசி, தகரத்துக்குக் கீழே ஒரு கட்டுப் பாளையும் பொச்சும் அடுக்கிவைக்கிறார்கள்.